கருவிழி மாற்றுக்குப் பின் லேசர்: காப்பீட்டின் 7.5 டயாப்டர் விதி

கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும் பார்வை உடனே தெளிந்துவிடுவதில்லை. புதிய கருவிழியைச் சுற்றிப் போட்ட தையல்கள் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தில் அமைவதில்லை. கருவிழி ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்து ஆறிவிடுகிறது. முழுத் தடிமன் மாற்றுக்குப் பிறகு 4, 5 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) சிலிண்டர் பவர், அதாவது இரு திசைகளின் வளைவு வேறுபாட்டால் வரும் பவர், தங்குவது சாதாரணம். சிலருக்கு அதற்கும் மேலே போகும். முதலில் கண்ணாடி, அடுத்து கடின காண்டாக்ட் லென்ஸ் அல்லது கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ். இவை ஒத்துவராதவர்களிடம்தான் கருவிழியின் வளைவைச் சரிசெய்யும் லேசர் பற்றி மருத்துவர் பேசுவார். செலவைக் காப்பீட்டில் பெற முடியுமா என்ற கேள்வியும் அப்போது எழுகிறது.

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் எதற்குச் செலவு கிடையாது என்று சொல்லும் விலக்கு வாசகங்களை 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரியாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. அதில் 15-வது, பார்வைப் பிழை பற்றியது. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைப் பிழையைச் சரிசெய்யும் சிகிச்சைச் செலவு கிடையாது என்பதே அதன் சாரம். கண்ணாடியைக் கழற்றிவிட விரும்பி லேசர் செய்துகொள்பவர்களை மனதில் வைத்தால் அது நியாயமான கோடுதான். தானமாகக் கிடைத்த கருவிழியில் பார்வையை மீட்கப் போராடுகிறவரையும் அதே கோட்டால் அளப்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் பாலிசியில் இருப்பது அந்த வாசகம்தான். அதற்குள் நின்றுதான் உரிமையைக் கேட்டாக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பவர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. ஒருவருடைய சீட்டில் மைனஸ் 2, சிலிண்டர் மைனஸ் 6, அச்சு (சிலிண்டரின் திசையைக் காட்டும் கோணம்) 20 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே கண்ணை மைனஸ் 8, சிலிண்டர் பிளஸ் 6, அச்சு 110 என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. சராசரி கணக்கிட்டால் மைனஸ் 5 வரும். ஆனால் அந்தக் கண்ணின் ஒரு திசையில் பவர் 2, மறு திசையில் 8. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்று அந்த ஒற்றை வரி விளக்கவில்லை. பரிசீலிப்பவர் சீட்டின் முதல் எண்ணை மட்டும் பார்த்தால், 7.5-க்குக் கீழே என்று சொல்லித் தள்ளிவிடலாம்.

எனவே சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தனிச் சான்றிதழ் கேளுங்கள். இரு திசைகளின் பவர், கருவிழி வரைபடப் பரிசோதனையின் அளவு, கருவிழி மாற்று நடந்த தேதி, கண்ணாடியும் லென்ஸும் ஏன் பலன் தரவில்லை, இந்தப் பிழை அறுவை சிகிச்சையின் விளைவு என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருக்கட்டும். தையல்கள் முழுவதும் எடுக்கப்பட்டு, அதன் பின் சில மாதங்கள் கழித்து, அடுத்தடுத்த பரிசோதனைகளில் மாறாமல் நிற்கும் பவரே கணக்கில் வரவேண்டும். பவர் நிலைக்கும் முன் லேசர் செய்வது கண்ணுக்கும் நல்லதல்ல. மாற்றுக் கருவிழியை உடல் நிராகரிக்கும் அபாயம் வாழ்நாள் முழுவதும் உண்டு. லேசரும் அதைத் தூண்டக்கூடும். அதனால் சொட்டு மருந்துகளை மருத்துவர் சொன்னபடி விடாமல் தொடர வேண்டும்.

இன்னொரு தடை, லேசர் முடித்து அன்றே வீடு திரும்பிவிடுவது. 24 மணி நேரம் படுக்கையில் இல்லாவிட்டாலும் பகல்நேர சிகிச்சையாகச் செலவு கிடைக்க வழி உண்டு. வெளிநோயாளி சிகிச்சை என்று வகைப்படுத்தினால் பெரும்பாலான பாலிசிகளில் கிடைக்காது. எந்த வகை என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பாலிசி எடுப்பதற்கு முன்பே கருவிழி மாற்று நடந்திருந்தால், அது ஏற்கெனவே உள்ள நோய். 2024 விதிகளின்படி அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம்; மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே போய்விடலாம். அரசு காப்பீட்டுத் திட்டங்களுக்குத் தனி சிகிச்சைப் பட்டியல் உண்டு. அங்கே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்பதுதான் வழி.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதிப்படி என்று நிறுவனம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தோடு இரு திசைப் பவரைக் காட்டும் அந்தச் சான்றிதழின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.