கல்லடிப் பாலம் ஏன் ஆடியது, ஏன் விழவில்லை

பஸ் மட்டக்களப்பில் வாவியைக் கடக்கிற கல்லடிப் பாலத்தில் ஏறினதும் அம்மம்மா "மாமாங்கப் பிள்ளையாரே" என்று ஒரு தடவை சொல்லுவா, அந்தப் பக்கம் இறங்கினதும் இன்னொரு தடவை. நடுவில் பேச்சே இருக்காது. பாலமும் அப்படித்தான் இருந்தது: ஒரு பக்கத்து வாகனங்களை விட்டால் மறுபக்கம் வரிசையாக நிற்கவேண்டும், முன்னால் லொறி போனால் கடகடவென்று சத்தம், காலுக்குக் கீழே நடுக்கம். இன்றைக்கோ நாளைக்கோ விழப்போகுது என்று ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டே பல வருடம் அதில் போய்வந்தார்கள்.

பாலம் கட்டியது 1924இல். அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்தவர் சேர் வில்லியம் மானிங், அவருடைய மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நீளம் 288 மீற்றருக்குச் சற்று அதிகம். 2013 மார்ச்சில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும் நெரிசலெல்லாம் அங்கே போய்விட்டது. பழையதில் இப்போது பின்னேரம் காற்று வாங்கலாம்.

காற்று வாங்கிக்கொண்டே பக்கச் சட்டங்களைப் பாருங்கள். எங்கும் சாய்வுக் கம்பிகள், எங்கும் முக்கோணம். காரணம் தெரியவேண்டுமென்றால் வீட்டில் நாலு ஈர்க்கை எடுத்து நூலால் முனைகளைக் கட்டிச் சதுரமாக்குங்கள், ஒரு மூலையைத் தள்ளினால் அப்படியே சரிந்துவிடும். மூன்று ஈர்க்கால் முக்கோணம் கட்டித் தள்ளினால் சரியாது, ஈர்க்கு முறிந்தால்தான் அதன் உருவம் மாறும். இதுதான் முழுச் சூத்திரமும். லொறியின் பாரம் முக்கோணத்துக்குள் வந்ததும் சில சட்டங்களை இழுக்கிறது, சிலதை அமுக்குகிறது. மேல் சட்டம் அமுங்கும், கீழ்ச் சட்டம் இழுபடும், சாய்வுக் கம்பிகள் ஒன்றுக்கொன்று பாரத்தைக் கைமாற்றித் தூண் வரைக்கும் கொண்டுபோகும். எந்தக் கம்பியும் பெரிதாக வளையவேண்டிய தேவை இல்லை. ஒரு கம்பியை வளைப்பது சுலபம், இழுத்து அறுப்பதுதான் கஷ்டம் என்பது கம்பி பிடித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கொஞ்ச இரும்பில் இவ்வளவு தூரம் போக முடிகிறது.

கொஞ்ச இரும்பு என்பதால்தான் அந்த ஆட்டமும். கனமான கொங்கிறீட் பாலத்துக்கு ஒரு லொறி ஏறுவது எருமையில் காகம் உட்கார்ந்த மாதிரி. இலேசான இரும்புக்கூட்டுக்கு அப்படி இல்லை, அது கொஞ்சம் தாழ்ந்து, லொறி இறங்கினதும் பழைய இடத்துக்கே திரும்பும், வில்லுக்கம்பி போல. ஆட்டத்தை வைத்துப் பலத்தை அளந்ததுதான் அம்மம்மா செய்த தவறு. (சொல்லியிருந்தாலும் பிள்ளையாரை விட்டிருக்க மாட்டா.)

கூடு போல இருப்பதில் இன்னொரு இலாபம், காற்று பிடித்துத் தள்ள அகலமான சுவர் கிடைப்பதில்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளையும் தென்னைகளையும் வாரிக்கொண்டு போனது, பாலம் நின்றது. 2004 சுனாமி கல்லடியையும் நாவலடியையும் அழித்தபோதும் நின்றது.

சரி, அப்படியென்றால் இதற்கு எதிரி யார்? வாவியே தான்.

சட்டங்கள் சேரும் இடத்தில் கிட்டப்போய்ப் பாருங்கள். இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குமிழ் மாதிரித் தலையுள்ள ஆணிகளால் இறுக்கியிருப்பார்கள். வெல்டிங் செய்த வீதிப் பாலங்கள் 1920களின் கடைசியில்தான் வரத் தொடங்கின, அதுவரைக்கும் இந்த ரிவெற் ஆணிதான். ஆணியைச் சிவக்கக் காய்ச்சி, துளைக்குள் விட்டு, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளைத் தானாகவே நெருக்கிப் பிடிக்கும். நல்ல வேலைதான், ஆனால் எவ்வளவு நெருக்கினாலும் மயிரிழை இடுக்கு மிஞ்சும், உப்பீரம் அதில் புகுந்தால் வெயில் பட்டாலும் லேசில் காயாது.

துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் போதும். உப்பு அதை வேகப்படுத்துகிறது, ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிப்பதோ இரும்பின் மேலேயே ஓடுகிற ஒரு குட்டி பற்றரி. முகத்துவாரத்தால் கடல் உள்ளே வந்துபோகிற வாவி இது, காற்றில் கூட உப்பு. அப்புறம், துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். தகடுகளுக்கு நடுவில் அது வளர வளர, அப்பளம் பொரிந்த மாதிரித் தகட்டைப் பிதுக்கும், ஆணியின் தலையைக்கூடத் தெறிக்கவைக்கும். எந்த லொறியாலும் செய்ய முடியாத வேலை.

தண்ணீருக்கு அடியில் ஆழமாக இருக்கும் இரும்பு மெதுவாகத்தான் அரிக்கும், அங்கே ஒட்சிசன் குறைவு. நனைந்து, காய்ந்து, திரும்ப நனைகிற நீர்மட்டப் பகுதிதான் முதலில் போகும். பெயின்ற் அடிப்பவர்கள் உண்மையில் காவல் காக்கவேண்டியது அந்த ஒரு முழ உயரத்தைத்தான்.

புதுப் பாலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கவேண்டாம். கொங்கிறீட்டுக்குள்ளும் கம்பி இருக்கிறது, உப்பு மெல்ல மெல்ல அதையும் தேடிப்போகும். பழைய பாலம் தன் துருவை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது, புதியதில் மேற்பூச்சு வெடித்த பிறகுதான் தெரியவரும்.