நெல் நட்ட முதல் நாற்பது நாளில் பூச்சிமருந்து தேவையா?

நடவு முடிந்து மூன்று, நான்கு வாரங்களான வயலில் சில இலைகள் சுருண்டு வெளுத்திருப்பதைக் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் செல்வது காவிரிப் படுகையில் பரவலான வழக்கமாகிவிட்டது. பயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, இப்படித் தொடக்கத்திலேயே மருந்தடித்த வயல்களில் கதிர் பால் பிடிக்கும் வேளையில் புகையான் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பெருகி, பயிர் வட்டத் திட்டுகளாகத் தீய்ந்து சாய்வதைத்தான். முதலில் அடித்த மருந்து போதவில்லை என்று எண்ணி விவசாயி இன்னொன்றை வாங்குகிறார். முதல் தெளிப்பே புகையானுக்கு வழிவிட்டிருக்கக்கூடும் என்பதை ஆசிய நெல் ஆராய்ச்சி எண்பதுகளிலேயே தெளிவாகக் காட்டியிருக்கிறது.

புகையான் தூரின், அதாவது நெல் தண்டின், அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. தாய்ப்பூச்சி முட்டைகளை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைப்பதால், மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அவற்றை எட்டுவதில்லை. மறுநாள் வயல் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டைகள் பொரியும்போது, குஞ்சுகளை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையையே தேடிக் குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் மடிந்து போயிருக்கும். புகையானின் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. எதிரிகளை இழந்த வயலில் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க எந்த மருந்தாலும் இயலாது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸும் புகையான் மீண்டும் பெருகக் காரணமாகின்றன என்பதால், அது வரக்கூடிய வயலில் வேறு பூச்சிக்காகக்கூட அவற்றைத் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இதன் விளைவை ஒரு நாடே அனுபவித்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு எட்டிய இந்தோனேசியாவில், அரசு பெரும் மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை மலிவாக்கியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஜாவாவின் வயல்களைப் புகையான் சூறையாடத் தொடங்கியது. 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தார். மருந்து மானியமும் 1989க்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மருந்துப் பயன்பாடு பெருமளவு குறைந்த அந்தக் காலத்தில் நெல் உற்பத்தி குறையாமல் உயர்ந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு பூச்சியியல் ஆய்வாளர் வில்லியம் செட்டிலும் அவருடைய குழுவினரும் ஜாவாவில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. என் துறையில் ஒவ்வொரு விவசாயியிடமும் கொண்டு செல்ல வேண்டிய ஆய்வு என்று நான் கருதுவது இதைத்தான். நடவு வயலில் தீமை செய்யும் பூச்சிகள் பெருகும் முன்பே சிலந்திகளும் பிற இரைவிழுங்கிகளும் பெருகிவிடுகின்றன. சேற்றில் மக்கும் பொருளைத் தின்று வாழும் சிறு பூச்சிகளும், நீரில் வளரும், பயிருக்குத் தீங்கற்ற கொசு போன்ற பூச்சிகளும் அவற்றுக்கு அப்போது உணவாகின்றன. தொழுவுரம் இட்ட வயலில் இந்த உணவு இன்னும் மிகுதி. முதல் நாற்பது நாளில் அடிக்கும் மருந்து இந்தச் சங்கிலியை அதன் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது.

அப்படியானால் சுருண்ட இலைகளை என்ன செய்வது? பக்கத் தண்டுகள் கிளைக்கும், அதாவது தூர் வெடிக்கும், பருவத்தில் பயிருக்கு இலைகளை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. அப்போது இலைச்சுருட்டுப்புழுவால் ஏற்படும் சிறு சேதம் விளைச்சலைக் குறைப்பது அரிது. பத்து விழுக்காட்டுக்கு மேல் இலைகள் சேதமடைந்தால்தான் அந்தப் பருவத்தில் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைக்கு, அதாவது கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலைக்கு, இந்த அளவு ஐந்து விழுக்காடு. வியட்நாமின் மேக்கோங் படுகையில் தொண்ணூறுகளில் 'முதல் நாற்பது நாள் மருந்தில்லை' என்ற ஒரே செய்தியைப் பெரும் இயக்கமாகக் கொண்டு சென்றபோது, விவசாயிகள் தெளிப்பதை வெகுவாகக் குறைத்தார்கள்.

தழைச்சத்தை ஒரே தவணையில் கொட்டாமல் பிரித்து இடுவது, எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நடுவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது ஆகியவை புகையானுக்கு ஒவ்வாதவை. நாற்பது நாளுக்குப் பின் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட தூர்களின் கொத்தை, சாய்த்துத் தட்டி, நீரில் விழும் புகையானையும் சிலந்தியையும் சேர்த்தே எண்ண வேண்டும். சிலந்தி இல்லாதபோது தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு என்பதே மருந்தடிப்பதற்கான வரம்பு.

அந்த வரம்பைத் தாண்டினால் தயங்காமல் தெளிக்கலாம். முதலில் நீரை வடித்துவிட்டு, புகையானுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே மருந்தை, வேறெதையும் கலக்காமல், தூரின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். இலைமேல் மட்டும் படும் மருந்தால் பயனில்லை. பத்து நாள் கழித்து மீண்டும் குத்துகளைத் தட்டி எண்ணிப் பார்க்காமல் இரண்டாவது தெளிப்பை முடிவு செய்ய வேண்டாம்.