வெட்டை நோய்க் கிருமி தொண்டையில் என்ன செய்கிறது?

தொண்டை நோவென்றால் யாழ்ப்பாணத்தில் பலர் முதலில் போவது பாமசிக்குத்தான். "அண்ணை, ரெண்டு நாளைக்கு அமொக்சிலின் தாங்கோ" என்றால் சில இடங்களில் வைத்தியரின் துண்டு கேட்காமலே குளிசை கைக்கு வந்துவிடும். அமொக்சிலின் பக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் வகை மருந்து. பெரும்பாலான தொண்டை நோவுக்கு வைரசே காரணம்; அதை இந்தக் குளிசை தொடவே தொடாது. அங்கே குடியிருக்கும் சாதுவான பக்டீரியாக்கள்தான் அடி வாங்குகின்றன. தப்பிப் பிழைத்தவை மருந்துக்குப் பழகிவிடுகின்றன.

இதற்கும் பாலியல் நோய்க்கும் என்ன தொடர்பு?

வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவை உண்டாக்கும் கிருமியை 1879இல் ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தார். நைசீரியா என்ற அதன் குலப்பெயர் அவரால் வந்தது. அதே குலத்தைச் சேர்ந்த, தீங்கில்லாத வேறு இனங்கள் எங்கள் தொண்டையில் சாதாரணமாக வாழ்கின்றன. வாய்வழி உறவால் கொனோரியாவும் அங்கே வந்து சேரும். வந்தாலும் பெரும்பாலும் நோவோ எரிவோ இராது. ஆகவே எவரும் வைத்தியம் தேடுவதில்லை; கிருமிக்கும் தன் குலத்துச் சொந்தக்காரரான அந்தச் சாதுவான இனங்களோடு இருக்க நாட்கள் கிடைக்கின்றன.

செத்துப்போன பக்டீரியாக்கள் சிந்தும் டிஎன்ஏ துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்வதில் இந்தக் கிருமி கெட்டிக்காரன். கண்டதையெல்லாம் எடுக்காது; நைசீரியா குலத்துக்கே உரிய ஒரு குறுந்தொடர் இருக்கும் துண்டுகளையே பெரிதும் நாடும்.

பெனிசிலினும், இப்போது கொனோரியாவுக்கு ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் பக்டீரியாவின் கலச்சுவரைக் கட்டும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குபவை. அப்படியான ஒரு புரதத்துக்குரிய மரபணுவில், மருந்துக்குப் பழகிய அயல் இனத்தின் டிஎன்ஏ துண்டுகள் மாங்கன்றில் ஒட்டுக்கட்டியதுபோல வந்து பொருந்திவிடுகின்றன. புரதம் சுவரைக் கட்டிக்கொண்டேயிருக்கும். மருந்துக்கு மட்டும் பிடி கிடைக்காது. செஃப்ட்ரியாக்சோனுக்குக் கடுமையாக எதிர்த்து நின்ற முதல் வகை, 2009இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை.

அதற்கு முந்திய மருந்துகளின் கதையும் நீளமானதே. 1930களில் வந்த சல்பா மருந்துகள் ஏறத்தாழ பத்தாண்டுகளில் பலனிழந்தன. பெனிசிலின் அளவைக் கூட்டிக் கூட்டித்தான் தாக்குப்பிடித்தது: கிருமி மருந்து நுழையும் துளைகளைச் சுருக்கியது, நுழைந்ததை வெளியே இறைத்தது. 1976இல் பெனிசிலினையே வெட்டிச் சிதைக்கும் நொதியோடு கிருமிகள் அகப்பட்டன. பிறகு வந்த சிப்ரோபுளொக்சசின் என்ற மருந்தைக் கொனோரியாவுக்குக் கொடுப்பதை அமெரிக்கா 2007இல் கைவிட்டது. இப்போது பல நாடுகளில் முதல் தெரிவு செஃப்ட்ரியாக்சோன் ஊசி.

இலங்கையில் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் வைத்தியம் இலவசம். விபரம் வெளியே போகாது. அங்கே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்க்க முடியும். பாமசிக் குளிசையை விழுங்கிவிட்டுப் போனால் கிருமி தட்டில் முளைக்காமல் போகலாம். முளைக்காவிட்டால் அந்தச் சோதனைக்கு இடமில்லை.