பெயரை நீக்கினேன், உரிமை போகவில்லை

சில அலுவலகங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். ஊழியர் விலகினாலோ பிரிவு மாறினாலோ கோப்புறை உரிமையைப் பறிக்க ஒரு சிறு நிரலை ஓட்டுவார்கள். பிழைச் செய்தி வரவில்லையென்றால் வேலை முடிந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தப் பழைய கணக்கால் உள்ளே நுழைந்து பார்ப்பவர்கள் அபூர்வம்.

விண்டோஸில், டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் தளத்தில் உரிமையை நீக்கும் கட்டளையான ரிமூவ்ஆக்சஸ்ரூல், நினைவகத்திலுள்ள உரிமைப் பட்டியலை மட்டுமே திருத்தும். செட்ஆக்சஸ்கன்ட்ரோலை அழைத்தால்தான் அது வட்டில் பதியும். இதை எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்கிறார்கள். தொல்லை மேல் கோப்புறையிலிருந்து இறங்கி வரும் உரிமையில் இருக்கிறது. உட்கோப்புறையில் எத்தனை முறை நீக்கினாலும் அது அசையாது. ஒருவரின் உரிமைகளையெல்லாம் ஒரேயடியாக நீக்கும் பர்ஜ்ஆக்சஸ்ரூல்ஸ் கூட அங்கே நேரடியாகக் கொடுத்ததை மட்டுமே துடைக்கும். ஒன்று, மேலே போய் நீக்க வேண்டும். அல்லது செட்ஆக்சஸ்ரூல்புரொடெக்ஷன் கொண்டு மேலிருந்து வரும் அந்தத் தொடர்பை அறுக்க வேண்டும். அதோடு, கோப்பின் உரிமையாளராகவே அந்த ஊழியர் இருந்தால், பறித்த உரிமையை வழக்கமாகத் தாமே திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

லினக்ஸில் எனக்குப் பிடித்த பொறி ஒன்று உண்டு. ஒருவரைத் தடுக்க, கோப்பின் உரிமைப் பட்டியலில் அவர் பெயரில் எந்த உரிமையும் தராத ஒரு வரியைப் போட்டிருப்பார்கள். "பழைய பெயர்களையெல்லாம் நீக்கு" என்று அந்தப் பட்டியலைத் திருத்தும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையை நிரல் ஓட்டும்போது அந்த வரியும் போய்விடும். பெயருக்கென்று வரி இருந்தவரை கணினி அதை மட்டுமே பார்த்தது. இனி அவருடைய குழுவுக்கு என்ன உரிமை, மற்றவர்களுக்கு என்ன உரிமை என்று பார்க்கும். அங்கே படிக்கும் உரிமை இருந்தால், நீக்கிய நிரலே கதவைத் திறந்துவிட்டதாகும்.

இன்னொன்று, லினக்ஸ் சோதிப்பது கோப்பைத் திறக்கும் நேரத்தில்தான். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர் தொடர்ந்து படிப்பார். குழுவிலிருந்து நீக்கினாலும் நடப்பு அமர்வு பழைய குழுவோடுதான் ஓடும், விண்டோஸிலும் அப்படியே. ஆகவே கணக்கை முடக்கி, அமர்வுகளைத் துண்டித்த பிறகே உரிமைப் பட்டியலைத் தொட வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கை அடியோடு அழித்துவிடலாமே என்பார்கள். லினக்ஸில் கணக்கை அழிக்கும் யூசர்டெல் கட்டளை, அவருடைய வீட்டு அடைவுக்கு வெளியே கிடக்கும் கோப்புகளைத் தேடிப் போகாது. அவை வெறும் பயனர் எண்ணோடு நிற்கும். கடைசியாகச் சேர்த்த கணக்கை அழித்திருந்தால், அடுத்துச் சேருபவருக்குப் பெரும்பாலும் அதே எண் கிடைக்கும், கூடவே அந்தக் கோப்புகளும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை, கணக்கில்லாத எண்ணுக்குரியவற்றைக் காட்டும் நோயூசர் தெரிவோடு ஓட்டி அவற்றைப் பிடித்து, புதிய கணக்கு உருவாகும் முன்பே வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள்.