ஜெர்மனிக்குப் போகும் முன் அயோவாவில் தேடுங்கள்

அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பில் தங்கள் முன்னோர் ஜெர்மானியர் என்று குறிப்பிட்டவர்கள் ஏறக்குறைய நாலரைக் கோடிப் பேர். வம்சாவளி ஆய்வைத் தொழிலாகச் செய்யும் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அயோவா, மிசௌரி, விஸ்கான்சின், நெப்ராஸ்கா பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களின் வாரிசுகள். அந்தக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்களும் இப்போது வருகிறார்கள், பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும் என்று. எல்லோரும் முதலில் கேட்பது, "ஜெர்மனியில் எங்கே தேடுவது?" என்பதுதான். ஜெர்மனியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்றால் பலருக்கு முகம் வாடிவிடும்.

விஷயம் இதுதான். 1871க்கு முன் ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. பிரஷ்யா, பவேரியா, பாடன், ஹனோவர், மெக்லன்பர்க் என்று தனித்தனி அரசுகள். அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு ஜெர்மன் பேரரசு முழுமைக்கும் வந்தது 1876 ஜனவரியில். அதற்கு முன்னால், சில பகுதிகள் நீங்கலாக, எல்லாமே அந்தந்த ஊர்த் திருச்சபையின் பதிவேட்டில்தான். ஊர் தெரிந்தால் பல குடும்பங்களை 1600கள் வரை கொண்டுபோகலாம். ஊர் தெரியாவிட்டால் ஒரு தலைமுறைகூட நகராது. எனவே வேலையில் பெரும்பங்கு அந்த ஓர் ஊர்ப் பெயரைப் பிடிப்பது. அதை யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் அமெரிக்காவில், கொள்ளுத்தாத்தா உழுத நிலத்திலிருந்து குதிரை வண்டியில் போய்வரும் தூரத்துக்குள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்ப் பெயர் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1850 முதல்தான் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தவிர). 1900ஆம் ஆண்டுப் பக்கம் ஒரு புதையல். பிறந்த மாதம், ஆண்டு, கல்யாணமாகி எத்தனை வருடம், அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, அமெரிக்கா வந்த ஆண்டு, குடியுரிமை நிலை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 1890 கணக்கெடுப்பு மட்டும் கைக்கு வராது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயில் கருகியும் நனைந்தும் வீணாகி, மிச்சமும் பின்னால் அழிக்கப்பட்டது. சிறு துண்டுகளே மிஞ்சின. ஜெர்மானியர் வருகை உச்சத்தில் இருந்தது 1880களில். அந்தக் குடும்பங்களை முதல்முதலாகப் பிடித்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே இல்லாமல் போனது எங்கள் தொழிலின் நிரந்தர வயிற்றெரிச்சல்.

இதில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று உண்டு. 1860இல் பிறப்பிடம் ஹனோவர் என்றிருக்கும், 1870இல் பிரஷ்யா, 1900இல் ஜெர்மனி. மூன்றும் வேறு வேறு ஆட்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆள் ஒருவர்தான், 1866இல் ஹனோவர் ராஜ்யத்தைப் பிரஷ்யா விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். ஹனோவர் என்றதும் அந்த நகரத்துக்கே கடிதம் போடுகிறவர்களும் உண்டு. கணக்கெடுப்பில் சொல்வது ராஜ்யத்தை, நகரத்தை அல்ல.

பெயர் இன்னொரு தலைவலி. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் நான்கு பேருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஜோஹானில் தொடங்கலாம். அழைக்கும் பெயர் அதற்கு அடுத்தது, சில சமயம் கடைசிப் பெயர். ஜோஹான் ஹைன்ரிக் வில்ஹெல்ம் என்று பதிவானவர் கப்பல் பட்டியலில் ஜோஹான், ஊரில் வில்ஹெல்ம், கணக்கெடுப்பில் வில்லியம். வெஸ்ட்பாலியா பக்கம் பண்ணைக்கு மருமகனாகப் போனவர் அந்தப் பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார். அவரை அவருடைய அப்பாவின் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார்.

"எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்பது நான் கேட்கும் கதைகளில் முதல் இடத்தில் நிற்பது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட அந்தத் தீவில் யாரும் யார் பெயரையும் மாற்றவில்லை. கப்பல் புறப்பட்ட இடத்திலேயே தயாரான பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். மேலும், எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1 அன்று. 1854இல் நியூ ஆர்லியன்ஸில் இறங்கி மிசிசிப்பி வழியாகப் படகில் மேலே போன குடும்பத்துக்கும் அந்தத் தீவுக்கும் என்ன சம்பந்தம்? பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் குடும்பமேதான். பள்ளிக்கூட வாத்தியாரும் வங்கிக் குமாஸ்தாவும் சொந்த வசதிக்கு எழுதியது ஒட்டிக்கொண்டதும் உண்டு.

கப்பல் பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாம்பர்க் துறைமுகத்துப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் இருக்கின்றன. பயணி கடைசியாகக் குடியிருந்த ஊரும் அவற்றில் உண்டு. ஆனால் ஏராளமானோர் ஏறியது பிரேமனில். அந்தப் பட்டியல்கள் 1920க்கு முந்தியவை அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. இடப் பற்றாக்குறை என்று அலுவலகமே பழையவற்றைக் கழித்துப் போட்டது, பிறகு போர். ஹாம்பர்கில் பெயர் இல்லை என்பதால் முன்னோர் கள்ளத்தனமாகக் கப்பலேறினார் என்று கதை கட்ட வேண்டாம்.

சரி, ஊர்ப் பெயர் எங்கே? என் அனுபவத்தில், பக்கத்துத் திருச்சபையின் பழைய பேரேட்டில். மிசௌரியில் ஒரு கிராமத்து லூத்தரன் சபையின் 1860களின் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போதகர் தானே கோடு போட்டுக் கட்டம் பிரித்திருப்பார். பிள்ளை பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அப்பா, அம்மா. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வேறெங்கும் இருக்காது, இங்கே இருக்கும். கடைசிக் கட்டத்தில் ஞானப் பெற்றோர் மூன்று பேர். இறப்புப் பக்கத்தில் வயது 72 வருடம், 3 மாதம், 11 நாள் என்று எழுதியிருப்பார்கள்; பின்னோக்கி எண்ணினால் பிறந்த தேதியே வந்துவிடும். கல்யாணப் பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன வட்டத்தில் இன்ன ஊர். அதுதான் நமக்கு வேண்டியது.

எழுத்து குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் 'இ' (e) எழுத்து நம் கண்ணுக்கு 'என்' (n) போலத் தெரியும். 'யு'வுக்கு (u) மேலே சின்ன வளைவு போட்டால்தான் அது 'என்' அல்ல என்று தெரியும். ஜெர்மன் சரளமாகப் பேசுகிறவர்களாலும் பழகாமல் படிக்க முடியாது. கையெழுத்தைப் படித்துத் தரும் செயலிகள் வந்திருக்கின்றன, வாக்கியங்களை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஊர்ப் பெயர் என்று வந்தால் நம்பாதீர்கள். 1912இல் வெளிவரத் தொடங்கிய மையர் ஊர் அகராதியில் ஜெர்மன் பேரரசின் குக்கிராமங்கள் வரை இருக்கின்றன, இணையத்தில் இலவசம். படித்த பெயர் அதில் இல்லையென்றால் படித்தது தப்பு. ஒரே பெயரில் பத்து ஊர் இருந்தால் போதகர் எழுதிய வட்டத்தின் பெயர்தான் தீர்ப்புச் சொல்லும்.

உங்கள் ஆளின் பக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லையா? ஞானப் பெற்றோரைத் தேடுங்கள், அடுத்த பண்ணைக்காரரைத் தேடுங்கள். இவர்கள் தனியாக வந்தவர்கள் அல்லர். ஒருவர் வந்து நிலைத்து, கடிதம் போட்டு, தம்பியை, மச்சானை, அதே ஊர்க் கன்னியரை வரவழைத்து, ஒரு டவுன்ஷிப் (கவுண்டியின் உட்பிரிவு) முழுவதையும் இரண்டு மூன்று ஜெர்மன் கிராமங்கள் நிரப்பியிருக்கும். அண்டை வீட்டுக்காரரின் கல்லறைக் கல்லில் ஊர்ப் பெயர் வெட்டியிருந்தால் உங்களுடையதும் அதற்கு நாலைந்து மைலுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

1862 சட்டப்படி 160 ஏக்கர் இலவச நிலம் வாங்கியவராக இருந்தால், குடியுரிமை பெற்றவராகவோ அதற்கு முதல் மனு போட்டவராகவோ இருந்தே ஆக வேண்டும். அந்தச் சான்றின் நகல் நிலக் கோப்பிலேயே கிடக்கும். கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில்.

முதல் உலகப் போர்க் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1918 மே 23 அன்று அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். ஆலயத்துக்கும் அதே விதிதான். ஜெர்மனில் எழுதிவந்த பேரேடுகள் ஆங்கிலத்துக்கு மாறின, பெயர்களும் மாறின. "தாத்தா எதுவுமே சொன்னதில்லை" என்று வருகிறவர்களுக்கு இந்த வருடத்தைக் காட்டுவேன். அதே நேரத்தில் குடியுரிமை பெறாத ஜெர்மானியர் 'எதிரி நாட்டவர்' என்று பதிவு செய்துகொள்ள நேர்ந்தது: புகைப்படம், கைரேகை, பிறந்த ஊர் எல்லாவற்றோடும். 1907 சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த பெண்ணின் அமெரிக்கக் குடியுரிமை போய்விடும். ஆகவே அயோவாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்கூடக் கணவனால் எதிரி நாட்டுக்காரியாகி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் படிவங்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. கான்சாஸ் மாநிலத்தினுடையது தப்பித்திருக்கிறது.

ஊர் கிடைத்து ஜெர்மன் பதிவேட்டைத் திறந்தால் சில வீடுகளில் அதிர்ச்சி காத்திருக்கும். மூத்த பிள்ளை கல்யாணத்துக்கு முன் பிறந்திருக்கும், சில சமயம் இரண்டு பிள்ளைகள். மறைத்துவிடச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. மெக்லன்பர்கில் குடியிருக்கும் உரிமையை நிலப்பிரபு தராமல் கூலிக்காரன் கல்யாணம் செய்ய முடியாது. பவேரியாவிலும் 1868 வரை ஊராட்சியின் சம்மதம் இல்லாமல் ஏழைகளுக்குக் கல்யாணம் கிடையாது. கப்பலேறியதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும் பலருக்கு. அது குடும்ப மானத்தின் கதையல்ல, கூலிக்காரனின் கல்யாணத்தைத் தடுத்த சட்டத்தின் கதை.

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் குடும்ப மரங்களை அப்படியே ஒட்டாதீர்கள். ஒருவர் ஊகித்ததை நூறு பேர் நகலெடுத்தால் அது நூறு சாட்சியாகாது. குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் பொறித்த பலகை விற்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். கேடயச் சின்னம் குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரையும் பொதுவில் போடாதீர்கள். வங்கிகள் அடையாளம் கேட்பது அவற்றைத்தான்.

சபைக்கு எழுதும்போது, "எங்கள் குடும்பத்தைப் பற்றி இருப்பதெல்லாம் அனுப்புங்கள்" என்று எழுதினால் பதில் வராது. பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் அநேகமாக எழுபது வயதைத் தாண்டிய தன்னார்வலர். ஒரு பெயர், ஒரு நிகழ்வு, ஐந்து வருட இடைவெளி என்று கேளுங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் சிறு காணிக்கையும் வையுங்கள். படியெடுத்து எழுதி அனுப்புவதைவிடப் பக்கத்தையே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆட்கள் குறைந்து சபை மூடிவிட்டது என்றால் பேரேடு பெரும்பாலும் அடுத்த ஊர்ச் சபைக்குப் போயிருக்கும். மிசௌரி சினட் என்ற லூத்தரன் திருச்சபை அமைப்பைச் சேர்ந்த சபை என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள கன்கார்டியா வரலாற்று நிறுவனத்தில் விசாரியுங்கள். கத்தோலிக்கர் என்றால் மறைமாவட்ட ஆவணக் காப்பகம். இரண்டிலும் இல்லையென்றால் கடைசிச் செயலாளராக இருந்தவரின் வீட்டுப் பரணையும் விசாரித்துப் பாருங்கள்.