முள் உதிராத டயர் வெடித்த கதை

ஆலப்பாக்கம் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். டமார் என்று ஒரு சத்தம். ஜீப்பின் டயர் இல்லை, பின்னால் இழுத்து வந்த கேரவனுடையது, அதாவது சமையலும் தூக்கமும் உள்ளேயே நடக்கிற கூண்டு வண்டியுடையது. இறங்கிப் பார்த்தால் பட்டன் (தரையில் உருளும் வரிவரியான மேல் ரப்பர்) தனியாகவும் கம்பி தனியாகவும் பிய்ந்து, மட்கார்டில் அடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. புது டயரில் கொசுவின் கால் போலச் சின்னச் சின்ன ரப்பர் முள் நீட்டிக்கொண்டிருக்குமே, பட்டனின் ஓரத்தில் அது இன்னும் உதிராமல் இருந்தது.

"நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே" என்று மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். பிச்சாவரம் போக வேண்டிய குடும்பம் புளியமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டது.

ஸ்டெப்னியை மாட்டி மெல்ல உருட்டிக்கொண்டு கடலூருக்குத் திரும்பி, மஞ்சக்குப்பத்தில் ஒரு வல்கனைசிங் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவர் பிய்ந்த டயரைக் கையில்கூட எடுக்கவில்லை. வெடிக்காத இன்னொரு பக்கத்து டயரின் அருகே குந்தி உட்கார்ந்து, அதன் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். மயிரிழை போல நூற்றுக்கணக்கான வெடிப்புகள் வாய் திறந்தன. "ஓடித் தேயலை தம்பி, நின்னே செத்திருக்கு" என்றார்.

கேரவன் டயரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான். கார் டயர் பட்டன் தேய்ந்து மொட்டையாகி ஓய்வு பெறும். வருடத்தில் பத்து மாதம் தவளக்குப்பம் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிற கேரவனின் டயருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும்.

ஏன் கிழடாகிறது? ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். இந்தச் சங்கிலிகளைக் கந்தகத்தால் குறுக்கே முடிச்சுப்போட்டால் உறுதியான ரப்பராகும் என்பதை 1839-இல் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் குட்இயர். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் அதற்கு வல்கனைசிங் என்று பேர். நம்மூர்ப் பஞ்சர் கடைப் பலகைகளில் அந்தக் கடவுள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை முடிச்சுக்குப் பிறகும் சங்கிலியில் ஒரு பலவீனம் மிச்சமிருக்கிறது. அதில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் இருக்கிற ஓசோன் வெட்டிவிடும். அளவில் ஓசோன் சொற்பம்தான். ஆனால் இழுபட்டு நிற்கிற ரப்பரை அது விடாது. கத்தைக் காகிதத்தில் சுற்றிய ரப்பர் பேண்டை ஜன்னலோரம் ஒரு கோடை வைத்துப் பாருங்கள், இழுபட்ட இடத்தில் குறுக்கே வெட்டு விழுந்திருக்கும். பாரத்தைத் தாங்கிப் பிதுங்கி நிற்கிற டயரின் பக்கச் சுவரில் நடப்பதும் அதுவே.

டயர் செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால் ரப்பரோடு மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருளையும் கலக்கிறார்கள். டயர் ஓடி மடங்கி நிமிரும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து ஒரு தோலாகப் படிகின்றன. பழைய டயரில் பழுப்பாக ஒரு படலம் தெரிவது இந்த வேதிப்பொருளின் அடையாளம்தான், அழுக்கு என்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். ஓடினால் கசிவு, நின்றால் கசிவு குறைவு. தினம் ஓடுகிற டயர் தனக்குத் தானே எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கேரவன் டயர் பத்து மாதம் எண்ணெய் காணாத தலை. போதாததற்கு வெயில். சூடு ஏற ஏற ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் வேகமும் ஏறும்.

சரி, அந்த டயருக்கு எத்தனை வயது? பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும், அந்தப் பக்கம் வண்டிக்கு உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். நான் மல்லாந்து படுத்து, கைபேசி வெளிச்சத்தில், சேறு துடைத்துப் படித்தேன்: 3114. அதாவது 2014-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். மச்சான் இந்த வண்டியை வாங்கியதே அதற்கு ஐந்து வருடம் கழித்து. நெட்டப்பாக்கம் பக்கம் எம்.ஆர்.எஃப். ஆலையை வைத்துக்கொண்டு, டயரின் பிறந்த தேதியைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறோம். பட்டன் எப்படி இருந்தாலும் 5 வருடத்தில் மாற்று, 7-ஐத் தாண்டவே விடாதே என்பது பிரிட்டனில் கேரவன்காரர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. நம்மூர் வெயிலுக்கு நான் 5-ஐத்தான் பிடித்துக்கொள்வேன். புதிதாக வாங்கும்போதும் இதே இலக்கத்தைப் பார்க்க வேண்டும். கடை அலமாரியில் இரண்டு வருடம் தூங்கிய டயரைப் புதுசு என்று கொடுப்பார்கள்.

வயது மட்டும் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். "எடை போட்டீங்களா?" என்று பெரியவர் கேட்டதும்தான் அடுத்த குட்டு வெளிப்பட்டது. சிப்காட் பக்கம் ஓர் எடைமேடைக்குப் போனோம். ஜீப் மேடைக்கு வெளியே, கேரவனின் இரண்டு சக்கரம் மட்டும் மேடையில்: 1,240 கிலோ. அப்புறம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றினோம். அடுப்பு, சிலிண்டர், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடப்பக்கம். அங்கே மட்டும் 680 கிலோ. வெடித்ததும் இடப்பக்க டயர்தான்.

அதில் எழுதியிருந்தது 165/80 ஆர்14 85டி. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். ஆர் என்பது ரேடியல், அதாவது உள்ளே நூல் சாய்வாக இல்லாமல் நேர்குறுக்காக ஓடும் டயர். 14 என்பது டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரமான டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். கடைகளில் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். உயிர் போகிற விஷயம் அடுத்து வருகிற 85. அது சுமைக் குறியீடு. அட்டவணையில் 85-க்கு நேரே 515 கிலோ என்றிருக்கும். 515 தாங்குகிற காலில் 680! கூண்டு கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர் கையில் கிடைத்த கார் டயரை மாட்டி அனுப்பியிருக்கிறார். இத்தனைக்கும் அமெரிக்க விதிப்படி, கார் டயரைப் பின்னிழுவை வண்டியில் போட்டால் அதன் சுமையை 1.1-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 468-தான். கடைசி எழுத்து டி (T) வேகத்துக்கு, மணிக்கு 190 கிலோமீட்டர். கேரவனுக்கு அது எதற்கு?

சுமையை டயரா தாங்குகிறது? பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்று என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 2.46 கிலோவைத் தாங்கும். 680 கிலோ நிற்க ஏறக்குறைய 276 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்கும்வரை டயர் நசுங்கிக்கொண்டே போகும். 60 பவுண்டு என்றால் 161 சதுர சென்டிமீட்டர் போதும், நசுக்கமும் குறைவு. அப்படியானால் கார் டயரிலேயே 60 அடித்துவிடலாமே என்றார் மச்சான். கூடாது. அந்தச் சாதாரண வகைக் கார் டயரின் 515 கிலோ, 36 பவுண்டை ஒட்டியே கிடைத்துவிடும். அதற்கு மேல் காற்றை ஏற்றினாலும் உள்ளே இருக்கிற நூலும் கம்பியும் அந்தச் சுமைக்குப் பின்னப்பட்டவை அல்ல.

நசுங்கினால் என்ன கேடு என்றால், சூடு. ரப்பர் பந்தைக் கீழே போட்டால் போட்ட உயரத்துக்குத் திரும்பி வராது. வராத பங்கு ரப்பருக்குள் சூடாகிவிடுகிறது. 62 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு நாற்பதாயிரம் சுற்று, ஒவ்வொன்றிலும் பக்கச் சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது. உள்ளே கம்பிப் பட்டையும் ரப்பரும் ஒட்டிய இடம் வேகத் தொடங்கும். கிழட்டு ரப்பரில் அந்த ஒட்டு முதலில் விடும். பட்டன் தோல் போல உரிந்து, மிச்சம் வெடிக்கும். பின்னால் வருகிற வண்டி என்பதால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் முன்னறிவிப்பும் வராது.

அமெரிக்காவில் இதற்கென்றே எஸ்.டி. (ஸ்பெஷல் டிரெய்லர்) என்ற எழுத்தோடு டயர் வருகிறது. பக்கச் சுவர் கனமாக, விறைப்பாக இருக்கும். உயரமான கேரவன் ஆடுவது அதனால் குறையும். சி, டி, இ (C, D, E) என்று சுமை எழுத்து ஏற ஏறப் பிளை என்கிற உள்ளடுக்கு வலுக் கணக்கும் 6, 8, 10 என்று ஏறும், காற்றும் 50, 65, 80 பவுண்டு என்று ஏறும். நம்மூர்க் கடையில் எஸ்.டி. என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதன் வேலையைச் செய்யக்கூடியது சின்ன லோடு வண்டிகளின் டயர். பெரியவர் இரண்டு அளவு காட்டினார். 165 ஆர்14, 8 பிளை, சுமைக் குறியீடு 97, அதாவது 730 கிலோ. 680-க்கு அது போதும்தான், ஆனால் ஒரு மூட்டை அரிசி கூட ஏற்றினால் முடிந்தது. அடுத்தது 185 ஆர்14, குறியீடு 102, 850 கிலோ. அதைத்தான் எடுத்தோம். உள்நூல் சாய்வாகப் பின்னிய நைலான் டயர் விலை குறைவு என்று மச்சான் ஒரு கண் வைத்தார். நைலானில் சூடு அதிகம், தூரப் பயணத்துக்கு ரேடியலே மேல். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது என்று கலப்பதோ ஆபத்து.

டிஸ்க்கையும் மாற்ற வேண்டியிருந்தது. 65 பவுண்டு வரை போகிற டயரைக் கார் டிஸ்க்கில் மாட்டினால் பலவீனம் டிஸ்க்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அச்சுக்கு 1,500 கிலோ என்று தகட்டில் இருந்ததால் அது தப்பித்தது. ரப்பர் வால்வுக்குப் பதில் இரும்பு வால்வு, மட்கார்டில் இடைவெளி இருக்கிறதா என்று கை நுழைத்து ஒரு சோதனை, அதே அளவில் ஸ்டெப்னி. தண்ணீர்த் தொட்டியை நடுவே நகர்த்தச் சொல்லியிருக்கிறேன். இன்னும் நகரவில்லை.

காற்று 60 பவுண்டு. அதை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன், நிழலில் பார்க்க வேண்டும். 27 டிகிரியில் 60 இருந்தால், ஓடி 57 டிகிரி ஆகும்போது 67-ஐத் தொடும். ஏறியிருக்கிறதே என்று நடுவழியில் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறை காற்றோடு கிளம்புவீர்கள். வீட்டில் நிற்கும்போது சக்கரத்துக்கடியில் பலகை, டயருக்கு மேல் வெள்ளைத் துணி, முடிந்தால் ஜாக்கி வைத்துப் பாரத்தை இறக்குவது.

புது டயரோடு தவளக்குப்பத்திலிருந்து கிளம்பி, முதல் 50 கிலோமீட்டரில் பரங்கிப்பேட்டை பிரிவு வரும் முன் நிறுத்தினோம். புதிதாக மாட்டிய டிஸ்க் ஓடியதும் கொஞ்சம் அமரும், நட்டு தளரும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். மச்சான் ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொன்றாக இறுக்கினார். நான்கு அசையவில்லை. இடப்பக்கம் ஐந்தாவது நட்டு கால் சுற்று உள்ளே போனது.