மீன்தொட்டியின் சூட்டை யார் அளப்பது?

அலங்கார மீன்களின் உடம்புக்கு என்று தனிச் சூடு கிடையாது. தண்ணீர் 26 டிகிரி செல்சியஸ் என்றால் மீனும் ஏறக்குறைய அதே 26தான். குளத்து மீனுக்கு மேல்நீர் சுட்டால் ஆழத்துக்கு இறங்க வழியுண்டு. ஒரு முழ ஆழக் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்?

டெட்ரா, ஏஞ்சல் போன்ற வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி ஒத்துவரும். டிஸ்கஸ் 28க்குக் குறையாமல் கேட்கும். தங்கமீனுக்கு 20ஐ ஒட்டிய குளிர்ந்த நீர்தான் சுகம். சூடு கூடும்போது மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கிறது. 10 டிகிரி ஏறினால் தேவை சுமார் இரு மடங்கு. தண்ணீரோ அதே நேரத்தில் கையை விரிக்கிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நன்னீர், 30 டிகிரியில் 7.6தான் தாங்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவது இதனால்தான்.

ஒருநாள் காலை என் தொட்டியின் வெப்பமானி 33 காட்டியது. 26ல் அணைய வேண்டிய ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆறு டெட்ராக்கள் போய்விட்டன. பிறகு அந்த ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது.

சாதாரண ஹீட்டருக்குள் வெப்பம் தரும் கம்பிச்சுருளும், அதற்கு மேலே ஒரு மெல்லிய தகடும் இருக்கும். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. சூடானதும் ஒரு பக்கம் அதிகமாக நீள்வதால் தகடு வளைகிறது. வளையும்போது நுனியிலுள்ள தொடுமுனை விலகி மின்சாரம் அறுபடுகிறது. ஆறினால் மறுபடி ஒட்டும். நாம் மேலே திருகும் குமிழ், எவ்வளவு வளைந்தால் விலக வேண்டும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவே. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அங்கே ஒரு பொறி பறக்கும். என் ஹீட்டரில் அந்த முனைகள் கருகி, ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பியதும் ‘டிக்’ என்று பிரிந்தன. கடுகளவு உலோகம்!

அன்று முதல் நான் விடாப்பிடியாகச் சொல்வது இதுதான்: சூடாக்கும் கருவியே சூட்டை அளக்கும் ஒரே கருவியாக இருக்கக் கூடாது. தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வையுங்கள். அதன் சென்சார் முனையில் இருப்பது தெர்மிஸ்டர்; சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பெட்டி அந்தத் தடையைப் படித்து, ரிலே என்னும் மின்சார சுவிட்ச் வழியாக ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும். பெட்டியில் 26, ஹீட்டரின் குமிழில் 27 என்று வையுங்கள். அன்றாட வேலையைப் பெட்டி பார்க்கும். ரிலே ஒட்டிக்கொண்டாலோ, சென்சார் வழுக்கி வெளியே விழுந்து அறைக் குளிரை அளந்தாலோ, ஹீட்டர் 27ல் தானாக நிற்கும். சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம், எதிர்மூலையில் இருக்கட்டும். ஹீட்டரை ஃபில்டரின் நீரோட்டத்தில் வையுங்கள்.

வாட் கணக்கும் முக்கியம். 100 லிட்டர் நீரை 1 டிகிரி ஏற்ற 418 கிலோஜூல் வேண்டும். வெப்பம் வெளியே போகாது என்று வைத்துக்கொண்டால், 100 வாட் ஹீட்டருக்கு அது 70 நிமிட வேலை. 300 வாட்டுக்கு 23 நிமிடம்தான். பெரியது ஒட்டிக்கொண்டால் ஒரே இரவில் தொட்டி முடிந்தது. அதனால் ஒரு பெரிய ஹீட்டரைவிட இரண்டு சிறியவை நல்லது. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் சூடு மெல்லத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்று செத்துப்போனால் மற்றது தாங்கிப் பிடிக்கும்.

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். அறைக் காற்றும் அதைத் தொடுவதால் நீரின் உண்மையான சூட்டை அது அப்படியே காட்டாது. நீருக்குள் வைக்கும் வெப்பமானியை நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். 0 காட்ட வேண்டும்.

கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் நீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துப்போகும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் தேவை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மட்டும் பலன் குறையும்.

33 டிகிரியைப் பார்த்த அன்று நான் பதறிப்போய்க் குளிர்ந்த நீரை வாளியோடு கொட்டினேன். அது தவறு. திடீர் இறக்கமும் மீனைக் கொல்லும். முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். காற்றுக்குமிழிக் கல்லை ஓடவிடுங்கள், மூடியைத் திறந்து விசிறியைத் திருப்புங்கள். மணிக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக நீரை மாற்றுங்கள்.